மூன்றாவது கையெழுத்து

1638 மார்ச் 18, ஞாயிறு. கின்ஹாரோ கோட்டை.

பயம் வந்தால் எனக்கு வாய் ஓயாது. கேட்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன். இந்த நோட்டை ஓட்ஸ் மாவுப் பெட்டியின் அடியில் ஒளித்து வைக்கப் போகிறேன். எலி தின்றால் தின்னட்டும். போதகர் வெடர்லி படிப்பதைவிட எலி தின்பது எவ்வளவோ மேல்.

இன்று எங்கள் ஊர் தேவாலயத்தில் உடன்படிக்கையை வாசித்தார்களாம். லண்டனில் உட்கார்ந்திருக்கும் அரசர் போன வருஷம் ஸ்காட்லாந்துக்கென்று ஒரு புதிய ஜெபப் புத்தகம் அனுப்பினார். அதில் போப்பின் வாடை அடிக்கிறது என்று எடின்பரோவில் பெண்கள் முக்காலியைத் தூக்கி வீசினார்கள். அன்றிலிருந்து நாடு கொதிக்கிறது. எங்கள் சபையில் அரசர் தலையிடக் கூடாது, போப்பு மதத்தின் சுவடுகூட இந்த மண்ணில் இருக்கக் கூடாது, இதற்காக உயிரையும் கொடுப்போம் என்பதுதான் உடன்படிக்கை. ஊர் ஆண்கள் வரிசையில் நின்று தோல் சுருளில் கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்களின் கையைப் பிடித்துப் போதகரே எழுதினாராம். சமையல்காரி எல்ஸ்பெத் அழுதுகொண்டே வந்து சொன்னாள்.

நான் போகவில்லை. தலைவலி.

அண்ணனும் போடவில்லை. என் அண்ணன் நினியன் கின்ஹாரோவின் பிரபு, அரசரின் ஆலோசனைச் சபையில் இருபத்தோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவர். அரசருக்கு எதிரான சுருளில் அவர் எப்படிப் போடுவார்? எடின்பரோவிலிருந்து வியாழனன்று வருகிறார்.

மார்ச் 23, வெள்ளி

போதகர் விருந்துக்கு வந்தார். ஆட்டுத் தொடை வறுத்திருந்தோம். எனக்கு வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி ஒத்துக்கொள்வதில்லை, வயிற்றுக் கோளாறு. மீனும் ரொட்டியும் சாப்பிட்டேன். போதகர் என் தட்டைப் பார்த்தார், அப்புறம் அண்ணனைப் பார்த்தார்.

வெடர்லி நெட்டையான மனிதர். குரல் மெதுவானது, அதனால்தான் அதிகம் பயமாக இருக்கிறது. சீமாட்டிக்குத் திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் தலைவலி வருவதாகச் சபையில் பேசிக்கொள்கிறார்கள் என்றார். நான் விதவை, தலைவலிக்கு எனக்கு உரிமை உண்டு என்று சொல்ல நாக்கு துடித்தது. அண்ணன் முந்திக்கொண்டு அவருக்கு இன்னொரு துண்டு இறைச்சி வைத்தார்.

மார்ச் 24

அண்ணன் காலையில் தேவாலயத்துக்குப் போய் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். காற்று அப்படி வீசுகிறது என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. துணி துவைக்கும் நாள், நிறைய வேலை.

ஜூன் 6

திரு. ஃபார்க்கர் வந்திருக்கிறார். வருஷத்துக்கு நான்கு தடவை எங்கள் தேன்கூடுகளைப் பார்க்க வருபவர். தேனீயைக் கண்டால் அவருக்கு நடுக்கம். தோட்டத்தில் ஒரே ஒரு தேனீ அவர் காதருகே வந்ததும் தொப்பியை எறிந்துவிட்டுப் பால்பண்ணை வரை ஓடினார். வேலைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவரும் நானும் பால்பண்ணையின் மாடி அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, அம்மாவின் பெட்டியைத் திறந்து வைத்து, தேனீக்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். மனசு லேசாயிற்று.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

அக்டோபர் 2

அண்ணன் எடின்பரோவிலிருந்து வந்தார். அரசர் இப்போது தன் பங்குக்கு ஒரு உடன்படிக்கை அனுப்பியிருக்கிறார். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் அரசரின் ஆட்கள். ஆலோசனைச் சபை முழுவதும் போட்டுவிட்டது. அண்ணனும் போட்டுவிட்டார். பிரபுக்கள் பெயரை முழுதாக எழுதமாட்டார்கள், பட்டத்தை மட்டும்தான் எழுதுவார்கள். ஆகவே ஒரே நாட்டில், ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு காகிதங்களின் அடியில், அதே கோணல் எழுத்தில் 'கின்ஹாரோ' என்று இருக்கிறது. தேவாலயக் கோபுரத்தின் இரும்புச் சேவல்கூட ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்க்கும். அண்ணனிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். வாதம் கூடிவிட்டது போல.

பன்றிக்கறிக்கு உப்பு வைத்தோம். உப்பு போதவில்லை.

டிசம்பர் 20

கிளாஸ்கோவில் திருச்சபையின் பொதுச்சபை கூடி, பிஷப்புகள் எல்லோரையும் நீக்கிவிட்டார்கள். இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து ரொட்டி பிட்கும் திருவிருந்தில் முழங்காலிடுவதையும் தடை செய்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு முன் பழைய அரசர், திருவிருந்து ரொட்டியை முழங்காலிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டார். பாதி ஊர் கேட்கவே இல்லை. நீண்ட மேசையில் சாப்பாட்டுக்கு உட்காருவதுபோல உட்கார்ந்து, ரொட்டியைக் கைக்குக் கை மாற்றிச் சாப்பிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். இனி முழங்காலிடுகிறவன் அரசரின் ஆள், நாட்டின் விரோதி. முழங்காலை மடக்குவதில் இவ்வளவு இருக்கிறது.

1639 மார்ச் 3

போர் வரும் என்கிறார்கள். அரசர் படை திரட்டுகிறாராம். நம் பக்கமும் திரட்டுகிறார்கள். அண்ணனை எங்கள் மாவட்டத்தின் போர்க்குழுவுக்குத் தலைவராக்கப் போகிறார்களாம். இரண்டு கையெழுத்தில் எது உண்மை என்று அவர்களுக்கே தெரியவில்லை, ஆனால் கின்ஹாரோவிடம் நானூறு ஆட்கள் இருக்கிறார்கள், அது எல்லோருக்கும் தெரியும். ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 21 திருவிருந்தில் பிரபுவின் வீட்டார் அத்தனை பேரும் மேசையில் உட்கார வேண்டும். தலைவலி செல்லாது.

இன்னும் நாற்பத்தொன்பது நாள்.

மார்ச் 27

ஃபார்க்கர் வந்தார். நடந்து வரவில்லை, மீன் வண்டியில் சாக்குக்கு அடியில் படுத்து வந்தார். நெஞ்சுச்சளி, காய்ச்சல். நிற்க முடியவில்லை. மார்ச் மாதத்தில் தேன்கூட்டில் என்ன வேலை என்று எல்ஸ்பெத் கேட்டாள். பால்பண்ணை மாடியில் படுக்க வைத்திருக்கிறேன். இருமும்போது கீழே பாத்திரங்களை உருட்டச் சொல்லியிருக்கிறேன், எலித் தொல்லை என்று காரணம் சொல்லி.

ஏப்ரல் 9

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

அண்ணன் என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். கூடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டே பேசினார்.

"லிலி, ஃபார்க்கருக்குத் தேனீன்னா பயம்னு ஊரே சிரிக்குது. சிரிக்கிறவன் ஒரு நாளைக்கு உக்காந்து யோசிப்பான்."

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.

"முதல் தடவை வந்தப்போ கூட்டைத் தலைகீழா வெச்சாரே, அன்னிக்கே தெரியும். பாதிரியார்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கு. அம்மாவோட மதத்தை நான் பன்னெண்டு வயசுல விட்டேன். நீ விடலன்னும் தெரியும். விடச் சொல்லல. ஆனா அவரை இங்க பிடிச்சா தூக்குல போடுவாங்க. உன்னையும் சும்மா விட மாட்டாங்க."

ஆக, எழுதியாயிற்று. நான் கத்தோலிக்கப் பெண். பெட்டியில் அம்மாவின் ஜெபமாலையும் பூசைக் கிண்ணமும் இருக்கின்றன. பதின்மூன்று மாதமாக நோட்டில்கூட எழுதப் பயந்த வரி இது.

அந்த மேசையில் ரொட்டியை வாங்கினால் என் மதத்தைக் கைவிட்டதாகும், என் ஆன்மா போகும்; வாங்காவிட்டால் வீட்டைச் சோதிப்பார்கள், ஃபார்க்கரின் கழுத்து போகும். இதை அண்ணனிடம் சொன்னேன். ஆன்மா விஷயத்தை ஃபார்க்கரிடமே கேள், கழுத்து விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு காகிதத்தில் எதையாவது நம்பித்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டேன்.

"எதுல போட்டா இந்த வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டாங்களோ, அதுல போட்டேன்."

இதுதான் என் அண்ணன். நாற்பத்தேழு வயதில், இத்தனை பட்டத்தோடு, ஒரு கோழை. எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஏப்ரல் 13

ஃபார்க்கர் ஈனக் குரலில் சொன்னார்: மேசைக்குப் போ, ரொட்டியை வாயில் வைக்காமல் கைக்குட்டைக்குள் நழுவவிடு, பாவம் என் கணக்கில் இருக்கட்டும். அவருக்கும் பயம்தான்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் ஒத்திகை. அண்ணன்தான் போதகர், ஓட்ஸ் ரொட்டிதான் திருவிருந்து. "இது என் உடல்" என்று அவர் சொல்லும் இடத்தில் என் வலது கை தானாக நெற்றிக்குப் போகிறது, சிலுவை போட. ஏழு தடவை செய்தோம், ஏழு தடவையும் போயிற்று. எட்டாவது தடவை அண்ணன் என் கையை மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு வசனத்தைச் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவோடு பூசைக்குப் போனபோது இப்படித்தான் ஜெபத்துக்கு நடுவில் சிரித்து அடி வாங்குவோம்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். வலது கையில் கையுறையும் கைக்குட்டையும் சங்கீதப் புத்தகமும். கை நிறைய இருந்தால் எழும்பாது.

ஏப்ரல் 17

போதகர் வந்து வேதக் கேள்விகள் கேட்டார். அத்தனைக்கும் பதில் சொன்னேன், அவருடைய சபை மூப்பர்களைவிட நன்றாகவே. வேறு வழியில்லாமல் ஈயத் துண்டைக் கையில் வைத்தார். திருவிருந்து மேசைக்கு அதுதான் அனுமதிச் சீட்டு. தகுதியில்லாதவனுக்குக் கிடைக்காது. கட்டை விரல் அகலம், ஒரு பக்கம் ஊர்ப் பெயரின் முதல் எழுத்து. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது பால்பண்ணையில் பாத்திரம் உருண்டது. எலிகள் அதிகமோ என்று கேட்டார். பூனை கிழடாகிவிட்டது என்றேன்.

ஏப்ரல் 20

திருவிருந்து மேசைக்கு விரிப்பு எப்போதும் எங்கள் கோட்டையிலிருந்துதான் போகும். பதினெட்டு முழம் வெள்ளைத் துணி. இஸ்திரி போட்டு மடித்து அனுப்பினேன். ஒரு மூலையில் கருகிவிட்டது.

ஏப்ரல் 21, ஞாயிறு

எழுத முடியவில்லை.

ஏப்ரல் 22

எழுதுகிறேன்.

தேவாலயம் நிரம்பி வழிந்தது. வாசலில் மூப்பர்கள் நின்றார்கள், இரண்டு பேர் இடுப்பில் வாள். மேசை வாசலிலிருந்து பிரசங்க மேடை வரை நீண்டிருந்தது. என் விரிப்பின் கருகிய மூலை என் இடத்துக்கு நேராகவே வந்து உட்கார்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என் இடது பக்கம். ஈயத் துண்டைக் கொடுத்தோம். வலது கையில் கையுறை, கைக்குட்டை, புத்தகம். அத்தனை கவனமும் அந்தக் கையின் மேல்தான்.

போதகர் ரொட்டியை எடுத்துப் பிட்டார். "இது என் உடல்" என்றார்.

கை அசையவில்லை. முழங்கால் மடங்கிவிட்டது. எப்போது பெஞ்சிலிருந்து இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பூசை கண்ட காலத்திலிருந்து அந்த வார்த்தைக்கு என் முழங்கால் மடங்கித்தான் பழக்கம். ஒத்திகையில் நாற்காலி மேசையோடு ஒட்டியிருந்ததால் அது தெரியாமல் போயிற்று. கையைக் காவல் காத்தோம், முழங்காலை இருவருமே மறந்துவிட்டோம். கல் தரையின் குளிர் பாவாடைக்குள் ஏறியபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

எனக்கு எதிரே இருந்த மூப்பர் மெல்ல எழுந்தார். எனக்கு ஃபார்க்கரின் கழுத்துதான் கண்ணில் நின்றது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் வரவில்லை.

அப்போது பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. அண்ணன் விரிப்பைப் பிடித்துக்கொண்டு, வாத முழங்காலை ஒவ்வொன்றாக மடக்கி, முனகிக்கொண்டே என் அருகில் முழங்காலிட்டார். மேசை மேல் கிண்ணம் ஆடியது. என் காதில், "தலையைக் குனி, பேசாதே" என்றார்.

எழுந்திருக்கும்படி போதகர் சொன்னார். அண்ணன் எழவில்லை. சபை முழுவதற்கும் கேட்கும்படி, ஆலோசனைச் சபையில் பேசுகிற குரலில் சொன்னார்.

"அரசர் போட்ட சட்டம் இன்னும் சட்டந்தான். என் வீட்டுல முழங்கால் போட்டுத்தான் வாங்குவோம். தங்கச்சிக்கு நான்தான் உத்தரவு போட்டேன். அவ என் சொல்லைத் தட்ட மாட்டா."

"நீங்க உடன்படிக்கையில கையெழுத்துப் போட்டிருக்கீங்க, பிரபு."

"ரெண்டுலயும் போட்டிருக்கேன். எது உண்மைன்னு எல்லாரும் ஒரு வருஷமா கேக்குறீங்களே. இன்னிக்குச் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். அத்தனை கண்ணும் என்னை விட்டு அவர் மேல் போயிற்று. போப்பு மதக்காரியைத் தேடி வந்த கண்கள் அரசரின் ஆளைக் கண்டுகொண்டன. போர்க்குழு, பட்டம், இருபத்தோரு வருஷமாக யாரையும் பகைத்துக்கொள்ளாமல் கட்டிக் காத்தது எல்லாம், ஒரு முழங்காலை மடக்குகிற நேரத்தில் போயிற்று. அவருக்கு அரசரின் சட்டத்தில் ஈயத் துண்டளவு அக்கறைகூட இல்லை. எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 23

காலையில் உடன்படிக்கைக்காரர்களின் குதிரை வீரர்கள் பன்னிரண்டு பேர் வந்து அண்ணனை எடின்பரோவுக்குக் கூட்டிப் போனார்கள். அவமரியாதை செய்யவில்லை. கம்பளிக் காலுறை நான்கு ஜோடி கட்டிக் கொடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் எதுவும் பேச முடியவில்லை. குதிரை மேல் ஏறிய பிறகு குனிந்து, வீட்டு விஷயம் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்:

"ஓட்ஸ் பெட்டியில எலி நடமாட்டம் அதிகம், லிலி. அங்க வெச்சதை வேற இடத்துல வை."

படித்திருக்கிறார். எவ்வளவு நாளாகவோ. கோழை என்று எழுதிய பக்கத்தையும்.

மே 5

பயம். நாய் குரைத்தால் பயம், குரைக்காவிட்டாலும் பயம். ஃபார்க்கர் ஆறு அடி நடக்கிறார், பிறகு உட்கார்ந்துவிடுகிறார்.

மே 14

போதகர் வந்தார். தூங்கி நாளாகியிருக்கும், கண் சிவந்திருந்தது. அவருடைய தம்பியும் படைக்குப் போயிருக்கிறார். எனக்குக் கெடுதல் செய்யும் எண்ணத்தோடு அவர் வரவில்லை என்று நினைக்கிறேன். தன் கடமையைச் செய்ய வந்தார், அது அதைவிட மோசம்.

எடின்பரோக் கோட்டைச் சிறையில் அண்ணனிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்களாம். முழங்காலிடச் சொல்லி நான் உத்தரவு போடவில்லை, என் தங்கை தானாகவே செய்தாள், அவள் மேல் விழுந்த கவனத்தை என் பக்கம் திருப்பவே நானும் முழங்காலிட்டேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையே வீடு திரும்பலாம். சபையில் எல்லோரும் குருடர்கள் அல்ல.

"பிரபு போடல," என்றார் போதகர். "எந்தக் காகிதத்தை நீட்டினாலும் போடுறவர். இதைப் படிச்சுட்டு, பேனா சரியில்லன்னு திருப்பிக் கொடுத்துட்டாராம். மூணு தடவை கொடுத்தாங்க. மூணு பேனா மாத்தினாங்க."

பிறகு இன்னொரு காகிதத்தை என் முன் வைத்தார். இது எனக்கு. அண்ணன் உத்தரவின்படிதான் முழங்காலிட்டேன், மற்றபடி நான் சபையின் விசுவாசி என்று இரண்டு வரி. இதில் நான் போட்டால் என் மேல் விசாரணை இல்லை, வீட்டைச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் அண்ணன் அரசரின் ஆள் என்பது உறுதியாகிவிடும். நிலம் போகும், பட்டம் போகும், போர் முடியும்வரை அந்தக் கல் அறைதான். போர் எப்போது முடியும் என்று கேட்டேன். தேவனுக்குத்தான் தெரியும் என்றார். போடாவிட்டால் வியாழக்கிழமை சோதனைக்கு ஆட்கள் வருவார்கள்.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்: "உண்மை எதும்மா?" அவரிடம் அதைச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவு களைப்பு.

மே 15

உண்மையைச் சொன்னால் அண்ணன் வருவார், ஃபார்க்கர் சாவார், நானும் அநேகமாக. பொய் சொன்னால் நாங்கள் இருவரும் பிழைப்போம், அண்ணன் அங்கேயே கிடப்பார். காலையிலிருந்து பால்பண்ணைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அண்ணன் என்ன சொல்வார் என்று யோசிக்கத் தேவையில்லை. மூன்று பேனாவைத் திருப்பிக் கொடுத்து அதைச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் சொன்னதற்காகத்தான் போட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. அதனால் போட்டேன்.

போதகர் சாட்சிக்கு இரண்டு மூப்பர்களை அழைத்து வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில், அண்ணன் என் கையை அழுத்திப் பிடித்த அதே இடத்தில், 'லிலியஸ்' என்று எழுதினேன். கை நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. எங்கள் குடும்பத்துக் கை. மை உலர மணல் தூவி ஊதிவிட்டு, எல்லோருக்கும் மோர் கொடுத்தேன்.

கதவை இனி யாரும் தட்ட மாட்டார்கள்.

மே 29

ஃபார்க்கர் போய்விட்டார், நடந்தே. வடக்கே ஒரு மீனவர் வீட்டில் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வேலிக்குப் பக்கத்தில் ஒரு தேனீ அவர் தோளில் உட்கார்ந்தது. அவர் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அண்ணனிடமிருந்து செய்தி இல்லை. திருவிருந்து விரிப்பைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். துவைத்தேன். அவர் பிடித்து இறங்கிய இடத்தில் திராட்சை ரசம் சிந்திய கறை, இரண்டு தடவை சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டும் போகவில்லை.

கோழை என்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. அதன் கீழே கொஞ்சம் எழுதியிருக்கிறேன், அவருக்கு மட்டும்.

இந்த நோட்டை வேறு இடத்தில் வைக்கச் சொன்னார். வைக்கவில்லை. ஓட்ஸ் பெட்டியிலேயே இருக்கிறது. திரும்பி வந்தால் அங்கேதான் தேடுவார்.